அக்காவும் காபன் பதினான்கும்

துணுக்காய்ப் பக்கம் குழாய் பதிக்க வெட்டிய குழியில் மனித எலும்புகள் வந்தன என்ற செய்தி பரவிய மறுநாள், அக்கா விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வந்து, குழியைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவைப் பிடித்தபடி நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் என் ஒன்றுவிட்ட அக்கா. போரின் கடைசி மாதங்களில் அவர் கணவர், என் அத்தான், காணாமற்போனார். ஐந்து வயது மகளோடு அவரைத் தேடத் தொடங்கிய அக்கா, அந்தப் பிள்ளை வளர்ந்து குமர்ப்பெண்ணான பிறகும் தேடுவதை விடவில்லை.

எலும்பின் சிறு துண்டுகள் காலத்தைக் கணிப்பதற்காக வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்குப் போயின. அறிக்கை வரப் பல மாதங்களாயின. அந்த மாதங்களில் அக்கா கோயிலில் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அண்மைக்கால எலும்பென்றால் ஒருவேளை தேடல் முடியும், பழையதென்றால் தொடரும். இரண்டில் எது நல்ல செய்தி?

நான் அரச மொழிபெயர்ப்பாளன். அறிக்கையைத் தமிழாக்கும் வேலை என்னிடமே வந்தது. அது காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் குந்தியிருந்து செத்தல் மிளகாயின் காம்பை உடைத்துக்கொண்டிருந்தார்.

“அது அத்தான் இல்லை அக்கா. பலநூறு வருசத்துக்கு முந்தின ஆக்களின்ர எலும்பு.”

“அதை என்னெண்டு கண்டுபிடிக்கினம்?”

காபன் பதினான்கைப் பற்றிச் சொன்னேன். காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் ஒருவகைக் கரி. பயிருக்குள் போய், சோற்றோடு எங்கள் எலும்புக்கும் வருவது. உயிரோடு இருக்கும்வரை புதிதாக வந்துகொண்டேயிருக்கும். மூச்சு நின்றபின் வராது; உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் குறையும். மிஞ்சியதை அளந்துதான் காலத்தைச் சொல்கிறார்கள்.

அக்காவின் கை நின்றது. “அப்ப, செத்த நாளில இருந்துதான் குறையத் தொடங்குமோ?”

“ஓம் அக்கா.”

“அவருக்கு இன்னும் குறையத் தொடங்கேல்லை, தம்பி.”

அந்த எலும்புகள் அத்தானுடையவை அல்ல என்பதற்குமேல் அறிக்கை எதையும் சொல்லவில்லை என்று நான் விளக்கியிருக்கலாம். ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தே வேலைசெய்து பழகியவன், அன்று நானும் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பை உடைத்தேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழ் எழுத அக்கா என்னைக் கூப்பிட்டார். பெற்றோர் பெயர் வரும் இடத்தில் நான் தயங்க, மகள்தான் மெல்லக் கேட்டாள்: “அம்மா, அப்பாவின்ர பேருக்கு முன்னால அமரர் எண்டு போடுறதோ?”

அக்கா என் கையிலிருந்த பேனையை வாங்கி, ‘திரு’ என்று தானே எழுதிவிட்டு, பேனையைத் திருப்பித் தந்தார்.