பேர் விழாத இடம்

பிளவக்கல் மலையடிவாரத்தில் காடு வெட்டிப் போட்ட மூன்றே குடிசைகள். இந்த இடத்தின் பெயரைச் சர்வே படத்தில் எழுதியாக வேண்டும். பெயரில்லாத படத்தை மேலிடம் வாங்காது. காலையிலிருந்தே எனக்குக் குளிர்காய்ச்சல். கொயினா மாத்திரை ஒன்றுதான் மிச்சம். என்னை இறக்கிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போன வண்டி திரும்பிவர இரண்டு நாளாகும்.

குடிசைக்காரி குருவம்மாள் சுக்குத்தண்ணீர் கொண்டுவருகிறாள்.

"ஏம்மா, இந்த இடத்துக்குப் பேரு என்ன?"

"இன்னும் பேரு விழலய்யா. கீழ இருக்கே சுப்பன்மேடு, அங்க மொதல்ல செத்தது சுப்பன். அங்கிட்டு பேச்சியோடைன்னு ஒரு ஓடை, அதுவும் அப்படித்தான். இங்க இன்னும் யாரும் சாகல."

என் பற்கள் தந்தியடிக்கின்றன. பென்சிலைப் படத்தின்மேல் வைத்துவிட்டுச் சுருண்டு படுக்கிறேன். அவள் தன் கம்பளியைக் கொண்டுவந்து என்மேல் போர்த்துகிறாள். சற்று நேரம் என் முகத்தையே பார்க்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்கிறாள்:

"ஒங்க பேரு என்னய்யா?"