கழுவி வந்த மிட்டாய் டப்பா

மூன்று மாதம் புகையிலை வாயில் படக்கூடாது என்று பல் டாக்டர் சொன்னபோது, என் வீட்டுக்காரர் தலையாட்டிய வேகத்தைப் பார்த்தே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவ்வளவு வேகமாகத் தலையாட்டிய எந்தக் காரியத்தையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை.

இடது கன்னத்தின் உள்பக்கம் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அவர் சுக்காவை அடக்கி வைத்துக்கொள்ளும் இடம் அதுதான். காய்ந்த புகையிலையை இந்தத் தீவில் சுக்கா என்பார்கள். வெற்றிலையோடும் போடுவார்கள், வெறுமனேயும் போடுவார்கள். என் வீட்டுக்காரர் இரண்டும் செய்வார். திட்டு குறைந்தால் நல்லது, குறையாவிட்டால் சதையைக் கொஞ்சம் எடுத்து மெயின்லேண்டுக்கு டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். அது ஏப்ரல் மாதம். ஜூலையில் வரச் சொன்னார். ஆட்டோவில் வரும்போது அவர் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் டாக்டர் எழுதிய சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிறுத்தத்தான் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பல்குச்சியைக் கடித்தார், பேனா மூடியைக் கடித்தார், என் மீதும் எரிந்து விழுந்தார். கடையில் விற்கும் மிட்டாய் எல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். "இதெல்லாம் பால்வாடிப் பிள்ளைக்குக் குடு. நாக்குல ஒரு சுருக்கு வேணாமா?" என்றார். சுருக்குத்தானே வேண்டும், நான் தருகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிட்டாய் போட்டு விற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் அந்த வீட்டு அடுப்படியில்தான் நிற்பேன். அதனால் பாகு பார்க்கத் தெரியும். இரண்டு தம்ளர் சீனிக்கு முக்கால் தம்ளர் தண்ணீர், பாகு மறுபடி சீனியாகப் பூத்துப்போகாமலிருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கொதி வந்தபிறகு கரண்டி போடக்கூடாது. ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் முதலில் கரையும், அப்புறம் உருட்ட வரும், அப்புறம் ரப்பர் மாதிரி இழுக்கும். இன்னும் பொறுக்க வேண்டும். கடைசியில் தண்ணீருக்குள்ளேயே கெட்டியாகி, எடுத்து ஒடித்தால் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசனைச் சாமான்களைப் போட வேண்டும். என் ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்கு பெரார்கஞ்சில் தோட்டம் உண்டு. அவரிடம் வாங்கிய கிராம்பையும் பட்டையையும் பொடித்து, சுக்கும் மிளகும் சேர்த்துப் போட்டேன். கையும் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. நெய் தடவிய தாம்பாளத்தில் ஊற்றி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு வைத்தேன்.

ஆறியதும் ஒரு துண்டை ஒடித்து அவர் வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏம்மா, இது மிட்டாயா, மருந்தா?" என்றார். ஆனால் துப்பவில்லை. அரை மணி நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டி இன்னொன்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸில் மிட்டாய் நாள். ஒரு வாரம் ஏலக்காய், ஒரு வாரம் ஆரஞ்சுத் தோல். என்ன போட்டாலும் கிராம்பு மட்டும் கட்டாயம். அவருக்கு வேலை கடலுக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில். திங்கட்கிழமை காலையில் சாத்தமில் ஃபெர்ரி ஏறும்போது ஒரு வாரத்துக்கான மிட்டாயை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோய் அங்கே லாக்கரில் வைத்துக்கொள்வார். சனிக்கிழமை காலி டப்பா திரும்பி வரும். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்பதால் நான் ருசி பார்ப்பதில்லை. வாசனையை வைத்தே செய்தேன்.

சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆ காட்டுங்க" என்பேன். போன் டார்ச்சை அடித்துக் கன்னத்தின் உள்ளே பார்ப்பேன். எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கூச்சம். ஆனாலும் காட்டுவார். திட்டு குறைந்த மாதிரியும் இருக்கும், குறையாத மாதிரியும் இருக்கும். என் கண்ணை நானே நம்பவில்லை.

ஜூன் பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், தீக்குச்சி பற்றாது, பெல்ட்டில் பூசணம் பூக்கும். இதெல்லாம் தெரிந்த நான் மிட்டாயை மட்டும் எப்படி விட்டேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அருப்புக்கோட்டையில் மிட்டாயைக் காற்றாட ஆற வைப்பார்கள். அதையே நானும் செய்தேன். மூன்றாம் மாடி பால்கனியில், துறைமுகத்துக் காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில், தாம்பாளத்தை இரண்டு மணி நேரம் வைத்தேன். எடுக்கும்போது ஒவ்வொரு துண்டும் பளபளவென்று இருந்தது. கை தேறிவிட்டது, நல்ல மெருகு வருகிறது என்று நினைத்துப் பெருமையாக டப்பாவில் போட்டேன்.

அந்த மாதத்தில்தான் டப்பா கழுவி வர ஆரம்பித்தது. வீட்டில் குடித்த தம்ளரைக்கூட ஸிங்க் வரைக்கும் கொண்டுபோகாத மனுஷன், டப்பாவைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். முதல் வாரம் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் கொஞ்சம் இடித்தது. "என்னங்க, டப்பா எல்லாம் கழுவுறீங்க?" என்று கேட்டேன். "எறும்பு வரும்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மூன்றாம் வாரம், பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஆபீசுக்கு வரும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தாள். போன வாரம் அவள் லீவில் வீட்டில் இருந்திருக்கிறாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க சார் ரோஜ் மத்தியானம் ஜெட்டி பான் துக்கான்ல நிக்கறாரு. நானே தீன் சார் தடவை பார்த்தேன்." தினமும் மத்தியானம் படகுத்துறைப் பான் கடையில் நிற்கிறாராம், அவளே மூன்று நாலு தடவை பார்த்தாளாம்.

சாப்பாட்டை மூடி வைத்தேன். டப்பா கழுவியதற்கு அர்த்தம் இதுதானா என்று மனசு ஓடியது. மிட்டாயைக் கடலில் கொட்டிவிட்டு, சுக்காவை வாயில் போட்டுக்கொண்டு, வாசனை தெரியாமலிருக்கக் கிராம்பைக் கடித்துக்கொண்டு வந்து என்னிடம் ஆ காட்டியிருக்கிறார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடுப்பருகில் வெந்திருக்கிறேன். கோபம் ஒரு பக்கம். டாக்டர் சொன்ன டெஸ்ட் ஒரு பக்கம். கோபத்தை விடப் பயம்தான் அதிகம் என்பது எனக்கே தெரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். சாத்தமில் ஃபெர்ரி ஏறி, வண்டிகளுக்கு நடுவே குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை சாரலாக அடித்தது. அக்கரையில் இறங்கி, பான் கடை தெரிகிற மாதிரி ஒரு காய்கறிக் கடையின் தார்பாய்க்குக் கீழே ஒதுங்கினேன். சும்மா நிற்கக் கூடாதே என்று அரைக் கிலோ வெண்டைக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு வந்தார். நேராகப் பான் கடைக்குப் போனார். கடையில் என் வயசு மதிக்கத்தக்க ஒரு பெங்காலி அம்மா. அவர் ஒன்றும் கேட்காமலே அந்த அம்மா எதையோ எடுத்து நீட்டினாள். அவர் குனிந்து என்னவோ செய்தார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகச் சுகத்தை நான் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவர் முன்னால் நின்றேன். "வாயைத் திறங்க" என்றேன்.

பேயைக் கண்ட மாதிரி விழித்தார். "நீ எங்க இங்க?"

"வாயைத் திறங்க."

ஃபெர்ரிக்கு நிற்பவர்கள் எல்லாம் பார்க்க, நட்ட நடு ஜெட்டியில் என் வீட்டுக்காரர் ஆ காட்டினார். நாக்கின் மேல் பழுப்பாக, ஓரம் கூராக ஒரு சில்லு இருந்தது. கிராம்பு வாசனை என் முகத்தில் அடித்தது. அது என் மிட்டாய்.

கடைப் பலகையில் எங்கள் எவர்சில்வர் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே துண்டு துண்டாக ஒன்றுமில்லை. எல்லாம் ஒன்றாக ஒட்டி, டப்பாவின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக இறுகியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய பாக்குவெட்டி. அதன் அலகு முழுக்கப் பிசுபிசுவென்று சீனி.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாபி, யே தோ ரோஜ் சரோத்தா மாங்னே ஆதா ஹை. சுக்கா நஹி லேதா" என்றாள். பாக்குவெட்டியை இரவல் கேட்கத்தான் தினமும் வருகிறாராம், சுக்கா வாங்குவதே இல்லையாம். வாடகையாக அவளுக்கும் தினம் ஒரு சில்லு. சொல்லிவிட்டுத் தன் வாயில் இருந்ததை எனக்குக் காட்டினாள்.

"டப்பாவை ஏன் கழுவுனீங்க?" என்றேன். எனக்கு வேறு கேள்வி வரவில்லை.

"வெந்நீர் ஊத்தாட்டி அடியில ஒட்டுனது வராது. உங்கிட்ட அப்படியே குடுத்தா கண்டுபிடிச்சிருவேல்ல."

"மிட்டாய் ஒட்டிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீ ரோசக்காரி. சரியா வரலைன்னு தெரிஞ்சா செய்யறதையே விட்டுருவ. நீ விட்டுட்டா நான் இங்கதான் வந்து நிக்கணும். ஆனா வேற சாமானுக்கு நிக்கணும்."

அவர் தலைக்கு மேலே சுக்கா கட்டுக் கட்டாகத் தொங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் மூன்று வாரமாகத் தினமும் இந்தக் கட்டுகளுக்குக் கீழே வந்து நின்று, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பாக்குவெட்டியை மட்டும் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏப்ரலில் அவர் தலையாட்டியதை நான் நம்பாமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பைத்தான் காட்டினேன்.

மழைக்காலத்தில் சுக்கா பூசணம் பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறாய் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். காற்றே காட்டக் கூடாது என்றாள். ஒரு டின்னைத் திறந்து காட்டினாள். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டிருந்தாள். ஈரத்தை எல்லாம் அரிசி இழுத்துக்கொள்ளுமாம். எந்தச் சாமானை என் வீட்டுக்குள் வரவிடக் கூடாது என்று நான் சண்டை போட்டேனோ, அந்தச் சாமானைக் காப்பாற்றும் வித்தையைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். போகும் வழியில் காய்கறிக்காரர் கூப்பிட்டு வெண்டைக்காயைக் கையில் திணித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல்களையும் சாத்தினேன். பாகு டக்கென்று ஒடிந்ததற்குப் பிறகும் ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டேன். கை பொறுக்கும் சூடு வந்தவுடன் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, அரிசி முடிச்சோடு டப்பாவில் போட்டு இறுக மூடினேன். வீட்டுக்காரரும் உட்கார்ந்து சுற்றினார். அவர் சுற்றியது எல்லாம் கோணல். ஆனால் சனிக்கிழமை டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த நாலு மிட்டாயைக் குலுக்கிக் காட்டினார். கலகலவென்று சத்தம் கேட்டது. டப்பாவை அவர் கழுவியிருக்கவில்லை.

ஜூலையில் டாக்டரிடம் போனோம். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, "ஆ காட்டுங்க" என்றார் டாக்டர். அவர் வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார், கன்னத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, நானும் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

திட்டு முக்கால்வாசி மறைந்துவிட்டதாம். சதை எடுக்க வேண்டாம், இதே மாதிரி இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் அந்த அறையிலேயே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தேன், பிறகு எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

வீட்டுக்கு வந்தோம். நான் கதவைத் திறந்து முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். ஒரு கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டு, கண்ணை மூடி, வழக்கப்படி ஆவென்று வாயைத் திறந்து வைத்திருக்கிறார். டார்ச்சுக்காகக் காத்திருக்கிறார். நான் போனை எடுக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, பேப்பரைப் பிரித்து, அவர் வாயில் போட்டேன்.