யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு பொருளை எடுக்க இன்னொன்றை நகர்த்தியாக வேண்டும். ஒரே அறை. நைனாவுக்கு மலையடிவாரத்தில் தேங்காய்க் கடை. பாதி வீடு தேங்காய் மூட்டைகளுக்கே போய்விடும். மிச்சத்தில் அம்மா தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு, சொம்புக்குள் பூண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு இடம் உண்டு. எனக்குத்தான் இல்லை, வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஆனால் சுவரோரம் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டி இருந்தது. அது எங்களுடையது இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறவர்கள் மூட்டை முடிச்சுகளை அடிவாரத்து வீடுகளில் வைத்துவிட்டு மலையேறுவார்கள். அப்படி ஒரு வருஷம் ஒருத்தி இந்தப் பெட்டியோடு தனியாக வந்தாள். "மேல போய்ட்டு வந்துடறேங்க்கா, பாத்துக்கோங்க."

மற்றவர்களின் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "ஆங், வச்சிட்டுப் போம்மா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் இறங்கி வரவே இல்லை. நைனா மலைமேலும் குளத்தங்கரையிலும் விசாரித்தார். தகவல் இல்லை.

பூட்டிய பெட்டியைத் திறக்க அம்மா விடவில்லை. அதன்மேல் ஒரு பாயைக்கூட வைக்க விடமாட்டாள். "வந்து கேட்டா சட்டுனு எடுத்துக் குடுக்கணும்." எனக்கு எரிச்சலாக வரும். விளக்கை அணைத்ததும் எரிச்சல் போய்ப் பயம் வந்துவிடும். பெட்டிக்கு முதுகைக் காட்டி நான் படுத்ததே இல்லை.

சில வருஷங்கள் கழித்து அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவள் கால் நீட்ட இடமில்லை. "அந்தப் பொட்டிய பரண்மேல ஏத்திடு நைனா. இன்னும் யாருக்காகக் காத்துகினு இருக்கீங்க?" அம்மாவும் மனசில்லாமல் தலையாட்டினாள்.

நைனா பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்தார். உள்ளே ஏதோ உருண்டது. கிலுகிலுவென்று சத்தம்.

குழந்தைகளின் கிலுகிலுப்பை. வந்தவளோடு குழந்தை எதுவும் இல்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கூட யாரும் வரலியாம்மான்னு ஒரு வார்த்த கேக்கலியே. மூட்டைக்கு எடம் பாத்துகினு இருந்தேனே" என்று அழுதாள்.

வயிற்றின்மேல் கையை வைத்தபடி அக்கா சொன்னாள்: "எறக்கு நைனா. அது அங்கியே இருக்கட்டும்."

பெட்டிக்குப் பக்கத்திலேயே அவள் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். பிள்ளையும் அங்கேதான் பிறந்தது. பேர் வைத்த அன்று உறவுக்காரர் ஒருவர் கிலுகிலுப்பை வாங்கி வந்தார். அம்மா சிரித்த முகமாக வாங்கி உள்ளே கொண்டுபோனாள். ஊசி விழுந்தாலும் காலில் தட்டுப்படும் அந்த ஒரே அறையில், அதை எங்கே வைத்தாள் என்று கடைசிவரை எங்கள் யாருக்கும் தெரியவில்லை.