மாமனார் வருகிற மங்கா

பேராசிரியர் தணிகாசலம் இறந்த செய்தி எங்கள் ஜப்பானிய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பல வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த எனக்குக் கல்லூரியிலிருந்து யாரும் சொல்லவில்லை. வரலாற்றுத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு என்னைத் தாண்டி இன்னொருவரைப் பரிந்துரைத்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. அவரை அறிந்த மற்றவர்கள் அவருடைய பாடங்களைப் பற்றி எழுதட்டும். ஒரே பெஞ்சில் நாங்கள் இருவரும் மாணவர்களாக உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

கல்லூரியை விட்டு வந்த பிறகு, மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். உள்ளே நுழைந்தால் முதல் வரிசையில் அவர். “இன்னா சார், இங்கயும் நானா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் வந்த காரணம் சில வாரங்களில் தெரிந்தது. மகன் செந்தில் ஒசாகாவில் மிகா என்ற பெண்ணை மணந்துகொண்டபோது இவர் போகவில்லை. அதன் பிறகும் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது இருவரும் ஊருக்கு வருகிறார்கள். செந்தில் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான்: “நீங்க அவகிட்ட நேரா பேசணும்பா. இல்லன்னா நாங்க லாட்ஜ்லயே தங்கிட்டு அப்படியே கிளம்பிடுவோம்.”

படித்துப் பழக ஆளுக்கொரு மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் ஆசிரியை. வகுப்புக்கு எதிரே இருந்த காபிக்கடை அலமாரியில், ஆசிரமத்துக்கு வந்துபோன ஜப்பானியர்கள் விட்டுச்சென்ற சித்திரக்கதைகள் நிறைய இருந்தன. நான் வாள் வீரன் ஒருவனின் தடித்த கதையை எடுத்தேன். “பழி வாங்குற கதையா? உங்களுக்குன்னே போட்டிருக்கான் சார்” என்றார் தணிகாசலம்.

அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எடுத்தார், புரட்டினார், வைத்தார். “எங்க வூட்ல யாரு கத்திய எடுத்துனு ஓடப்போறாங்க? மாமனார் வர்ற கதை எதுனா இருக்கா மேடம்?” ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தேடிக் கொடுத்துவிட்டார். கிழிந்துபோன ஒரு குடும்ப நகைச்சுவைக் கதை. கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் அவற்றின் ஒலியைப் பொடி எழுத்தில் போட்டிருந்ததால் எங்களைப் போன்றவர்களும் படிக்க முடியும்.

அந்தக் கதையின் மாமனார் வாயைத் திறந்தால் குறைதான். சூப்பில் உப்பு கம்மி, குளிக்கிற தண்ணீரில் சூடு ஜாஸ்தி. ஒரு வாரம் படித்துவிட்டுத் தணிகாசலம் சொன்னார்: “இந்தாளு என்னாட்டமே இருக்காரு சார். இவரு பேச்ச நான் எதுக்குப் புதுசா கத்துக்கணும்?” அன்றிலிருந்து அந்தக் கதையில் மருமகள் பேசுவதை மட்டும் படிக்கத் தொடங்கினார்.

“அது புதுப்பெண் பேசுற பேச்சு சார். சிரிப்பாங்க” என்று எச்சரித்தேன்.

“சிரிச்சா நல்லதுதான?”

அவர்கள் வந்த அன்று என்னையும் வேங்கிக்காலில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார். “மறந்துட்டன்னா எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்.” கார் வந்து நின்றது. மிகா பெட்டியைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. தணிகாசலம் செருப்பில்லாமல் இறங்கிப் போய், இடுப்பு வளையக் குனிந்து, ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பக்குவம் போதாத ஆள் நான், என்னைப் பொறுத்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஜப்பானில் கல்யாணமாகிப் போகும் பெண் வழக்கமாகச் சொல்வது.

செந்தில் திகைத்து என்னைப் பார்த்தான். மிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கியது. பிறகு அவரைவிடத் தாழக் குனிந்து அதே வாக்கியத்தை அவரிடம் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, “இன்னா சார், பாஸா?” என்றார். பெட்டி உள்ளே போனது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் வீட்டு விஷயத்தில் எனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று இன்றும் விளங்கவில்லை.

நான் கிளம்பியபோது பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். நான் கேட்டுவிட்டேன்: “எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையா சார்?”

“உங்களுக்குத் தமிழ்ல சொல்லணுமே சார். அது கஷ்டம்.”

கடைசி வரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போகும்போது, வராத துக்கத்தை முகத்தில் எப்படி வரவழைப்பது என்று கவலையாக இருந்தது. வாசலில் மிகா நின்றிருந்தாள். “வாங்க சார். மாமா பாருங்க” என்று தமிழில் சொன்னாள். அதற்கு மேல் நான் எதையும் வரவழைக்க வேண்டியிருக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது மன்னிப்பு அல்ல. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறை. படிக்க ஒரு மங்காவை எடுத்தால் இப்போதெல்லாம் அதில் யார் ஜெயிக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. எனக்கு வாயில் வராத பேச்சு அதில் யாருக்கு வருகிறது என்று பார்க்கிறேன். அப்படி ஒருவர் வந்துவிட்டால், அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன்.