வலப்பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் ஏதோ பெருமைபோலச் சொல்வார்கள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. நான் அடிக்கிறவன். குன்னூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். டப்பாக்களைத் தலைகீழாக இறக்கிய டிரைவரைக் கடை வாசலிலேயே வைத்து அறைந்திருக்கிறேன். வீட்டில் குளியலறைக் கதவை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. அதையெல்லாம் எழுத இடம் போதாது. ஒரே ஓர் அறையைப் பற்றி எழுதுகிறேன். அது விழுந்த காதை வைத்துத்தான் ஒருவன் பிழைத்துக்கொண்டிருந்தான்.

அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஓடுகிற மிஷின்மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வான். எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்வான். கழற்றிப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் என் எதிரில் உட்கார மாட்டான்.

போன வருஷம் ஒரு சனி, ஞாயிறு என் காரை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு பைக்காரா போய் வந்தான். திங்கட்கிழமை காலை நான் குன்னூருக்கு ஏறுகிறேன். முதல் வலப்பக்க வளைவில் டக் டக் டக் என்று இடப்பக்கச் சக்கரத்திலிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். நேராகப் போனால் இல்லை. இடப்பக்கம் திருப்பினால் இல்லை. அடுத்த வலப்பக்க வளைவில் மறுபடியும் டக் டக் டக். குழியில் விட்டு ஆக்ஸிலை உடைத்துவிட்டு, பாலைக் குடித்த பூனைமாதிரி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வண்டியைத் திருப்பினேன். இறக்கத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அவன் குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கும் களத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. வண்டியும் அவனோடு சேர்ந்துகொண்டதுபோல் எனக்கு இன்னும் வெறி ஏறியது.

"எங்கடா விட்டே வண்டிய? வலப்பக்கம் திருப்புனா டக் டக்குங்குது."

"எங்கயும் விடலீங்க மாமா. நேத்து வரைக்கும் சத்தம் இல்லீங்க. இந்தக் களத்துல சித்த மெதுவா ஓட்டுங்க, நான் கேட்டுப் பாக்கறேன்."

முதல் கியரில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து வட்டமடித்தேன். அவன் குனிந்தபடி இடப்பக்கச் சக்கரத்தோடு கூடவே வந்தான். இடது காது சக்கரத்தின் பக்கம் இருக்க வேண்டும் என்று பின்பக்கமாகவே நடந்தான். நிறுத்தச் சொல்லிக் குத்தவைத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். காய்ந்து இறுகிய கிரீஸ் கையோடு வந்தது. நான் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"எஞ்சின் இழுக்கறப்ப வலப்பக்கம் ஒடிச்சா மட்டுந்தான் வருதுங்க. நியூட்ரல்ல உருட்டுனா வராது. இடப்பக்கத்து ஆக்ஸில்ல சக்கரத்துகிட்ட இருக்கற ஜாயிண்ட்டுங்க. அதை மூடியிருக்கற ரப்பர் கிழிஞ்சு, கிரீஸெல்லாம் தெறிச்சு, மண்ணு பூந்திருச்சு. இது ரெண்டு நாள்ல ஆனதில்லீங்க, ஒரு மாசம் இருக்கும். மாமா, கவாத்து வெட்டுன தேயிலைக்குள்ள எங்காச்சும் வண்டி எறங்குச்சுங்களா?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பழியை என் தலையில் கட்டுகிறான் என்று என் காதில் விழுந்தது. உள்ளங்கையை முழுசாக விரித்து, இருந்த பலமெல்லாம் சேர்த்து அவன் இடது காதில் அறைந்தேன். அவன் சாய்ந்து கார் கதவில் தலை மோதி மண்ணில் விழுந்தான். விழுந்தவனை ஒரு உதையும் உதைத்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் வந்தது. அலறிக்கொண்டு ஓடிவந்த அவன் மனைவியைக் கையைக் காட்டி நிறுத்தினான். "ஒண்ணுமில்ல, நீ உள்ள போ" என்றான்.

நான் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். கிழிந்த ரப்பரின் மடிப்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தேயிலைக் குச்சியை உருவினார்.

"ஏனுங்க, தேயிலைக்குள்ள ஏர் ஓட்டுனீங்களா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் எஸ்டேட் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு டூரிஸ்ட் வேன் இறங்கி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அவன் விடாமல் ஹாரன் அடித்தான். இடப்பக்கம் அப்போதுதான் கவாத்து வெட்டிய தேயிலை. முழங்கால் உயரத்துக்கு ஈட்டி ஈட்டியாகக் கட்டைகள். இடப்பக்கச் சக்கரத்தை அதற்குள் இறக்கி நொறுக்கிக்கொண்டு போய், அவன் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதடு கிழியும்வரை அடித்தேன். பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவி கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஞாபகமும் மட்டு.

புது ஆக்ஸில் போட்டு, புது ரப்பரும் கிரீஸும் வைத்து, சாயங்காலத்துக்குள் சத்தம் போய்விட்டது. காது அப்படிச் சரியாகவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். ஃபேக்டரியில் வழுக்கி விழுந்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது ஸ்க்ரூ டிரைவரை வலது காதில் வைக்கிறான். இரண்டு முறை தப்பான பேரிங்கைச் சொல்லிவிட்டான். இப்போது சத்தம் பார்க்க வேறு ஆளைக் கூப்பிடுகிறார்களாம். இதை என் மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் அவள் பேசுவதில்லை.

போன வாரம் காரை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். சத்தம் போய்விட்டதா பார் என்பது சாக்கு. அதே களத்தில் வலப்பக்கம் ஒடித்து வட்டமடித்தேன். அவன் கூடவே வந்தான். இப்போது வலது காதால்தான் கேட்க வேண்டும் என்பதால் இந்த முறை நேராகவே நடந்தான். அப்புறம் குத்தவைத்துப் புது ரப்பரைத் தடவிப் பார்த்தான்.

"சத்தம் சுத்தமா இல்லீங்க மாமா. நல்லா போட்டிருக்காங்க."

எஞ்சினை அணைக்காமல் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி, அன்றைக்கு நின்ற இடத்திலேயே, அவன் இடது காதின் பக்கம் போய் நின்றேன். ஐம்பது வயதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுடா. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவன் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, நான் நிற்பதைக் கண்டு சட்டென்று தலையைக் கையால் மறைத்தபடி எழுந்தான்.

"ஏதாச்சும் சொன்னீங்களா மாமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வண்டியில் ஏறினேன். குன்னூர் வரும்வரை எல்லா வளைவிலும் அது சத்தமில்லாமல் திரும்பியது.