பேக்கன் சுற்றி, பல்குச்சி குத்தி

விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட உட்காரும்வரை அவர்கள் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுப்பதுதான் எங்கள் தொழில். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கை முழுக்க எண்ணெயாக இருக்கும்போதுதான் போன் அடிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் செய்வது பேக்கன் சுற்றிய அயிட்டங்கள். பன்றிக்கறியில் உப்பேற்றி, புகை காட்டி, மெல்லிசாகச் சீவி பாக்கெட்டில் விற்கிறார்கள். அதுதான் பேக்கன். முந்திரி வைத்த பேரீச்சம்பழம், இறால், காளான் என்று எதையாவது அதில் சுற்றி, பல்குச்சி குத்தி, ஓவனில் வைத்து மொறுமொறுவென்று எடுப்பேன். ஒரகடம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்குச் சமைத்தபோது பழகிக்கொண்டது. கெஸ்ட் ஹவுஸை மூடிவிட்டார்கள். கற்ற வேலையோடு நான் உத்திரமேரூரில் வீட்டுக்குத் திரும்பினேன்.

கிருத்திகை பார்த்து அடுப்பு ஏற்று

நாங்கள் இருப்பது மாடியில், வாடகைக்கு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். நிலம் நீச்சு உள்ளவர்கள், ஆட்டுக்கறிக்கே நாள் பார்ப்பவர்கள். என் கணவர் அருள் கம்பெனி வேன் ஓட்டுகிறார். “சொல்லாமயே செய்யி. வாசனை வந்தா கோயிக்கறின்னு சொல்லிக்கலாம்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதென்று அலைந்து பிடித்த வீடு அது. பின்னால் தெரிந்து காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது?

கீழே இறங்கிப் போனேன். வீட்டுக்கார அம்மா சரோஜா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “அக்கா, பன்னிக்கறில ஒரு பலகாரம் செஞ்சி விக்கலாம்னு கீறேன். உங்களுக்குச் சங்கடம்னா சொல்லிடுங்க, வேற வேலை பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. கறி எங்கிருந்து வரும், கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் கேட்டார். பாக்கெட்டில் வரும், கழுவுகிற வேலையே இல்லை என்றேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். சரோஜா அக்கா என்னிடம் சொன்னார்: “செவ்வா, வெள்ளி, கிருத்திகை, இந்த நாள்ல மட்டும் அடுப்பு ஏத்தாத. மத்த நாள்ல இவுரு மூக்கப் பொத்திக்கினு இருந்துக்குவாரு.”

மாமனார் மறைத்த குச்சி

முதல் பெரிய ஆர்டர் சாலவாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது. சென்னைக்காரர்கள் ஒரு குடும்பம் அங்கே பண்ணை வீடு கட்டியிருந்தார்கள், புதுமனை புகுவிழா முடிந்து நண்பர்களுக்கு ஒரு பார்ட்டி. பேக்கன் சென்னையிலிருந்துதான் வரவேண்டும். வேன் சவாரி போகும்போது அருள் ஐஸ் பெட்டியில் வாங்கி வருவார். அந்த முறை கடையில் சரக்கு வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றார்கள். முதல் பெரிய ஆர்டரிலேயே கையை விரித்தால் அடுத்த ஆர்டர் ஏது? பார்ட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

பன்றிக்கறிக் கடை சேகர் அண்ணனிடம் வயிற்றுப் பக்கத்துக் கறியாகக் கேட்டு வாங்கினேன். உப்பு, வெல்லம், மிளகு தடவி ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, தினமும் புரட்டிப் போட்டு, கடைசியில் மொட்டை மாடியில் தேங்காய் ஓட்டுப் புகையில் தொங்கவிட்டேன். சீவும்போதுதான் வம்பு. என் கத்திக்கு அது துண்டு துண்டாக வந்தது, சுற்றவே வரவில்லை. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சேகர் அண்ணனிடம் ஓடினேன். “காயிதம் மாரி வெட்டுன்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா. இன்னா, லெட்டர் எழுதப் போறியா?” என்று கேட்டுக்கொண்டே, அதைப் பாதி உறையவிட்டு எடுத்துவரச் சொன்னார். உறைந்த கறி அவர் கத்திக்குப் படிந்தது. கடையில் வாங்குகிற அளவுக்கு மெல்லிசு இல்லைதான். ஆனால் சுற்றினால் சுற்றியபடி நின்றது.

பார்ட்டியன்று தட்டுகளைக் கொடுத்துவிட்டு வாசல் பக்கமே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு மருமகள் வெளியே வந்தார். ஏதோ குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “டாக்டர் எங்க மாமனாரை அளவா சாப்பிடச் சொல்லியிருக்காரு. அவரு தின்னுட்டு குச்சியை எல்லாம் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிறாரு, நாங்க எண்ணக் கூடாதாம்.”

மீன்பெட்டியில் ஒரு நாள்

மழைக்காலத்தில் ஒரு தடவை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எங்கள் தெருவுக்கே கரண்ட் போனது. மறுநாள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் ஞானஸ்நான விருந்து. ஃப்ரிட்ஜுக்குள் பேக்கன் சுற்றிய இறால் தயாராக இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்பது குறைந்துகொண்டே வந்தது. கெட்டுப்போனதைக் கொடுத்து யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் இந்தத் தொழிலை அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஐஸ் இருக்கிற ஒரே இடம் மார்க்கெட்டில் மீன் விற்கிற ரேவதியின் தெர்மோகோல் பெட்டி. நனைந்துகொண்டே போய்க் கேட்டேன். அவள் மீனை எல்லாம் ஒரு பெட்டியில் ஒதுக்கிவிட்டு, இன்னொன்றை ஐஸோடு தூக்கிக் கொடுத்தாள். பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டி உள்ளே வைத்தோம். காலையில் கரண்ட் வந்தபோது எல்லாம் ஜில்லென்று அப்படியே இருந்தது. நன்றி சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரேவதி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உன் பன்னில மீன் வாசனை வந்தா பரவால்ல, அவங்க இறாலுன்னு நெனச்சிக்குவாங்க. என் மீன்ல பன்னி வாசனை வந்தா நான் இன்னா சொல்றது?”

முன்பக்கமாக வாங்க

இந்தத் தொழிலில் எனக்குக் கூட்டாளி என் மாமியார் பாக்கியம். சுற்றுவது முழுக்க அவர் கை. மானாம்பதியில் ஒரு பெரிய வீட்டுக்குக் காலமெல்லாம் கழனி வேலை செய்தவர். ஒருநாள் சுற்றிக்கொண்டே சொன்னார்: “எங்க தெருவுல பன்னி ஆக்குன அன்னிக்கு நடவுக்குப் போனா, வாசனை வரும்னு மொகம் சுளிப்பாங்க. கையில தேங்கா எண்ணெய தேச்சிக்கினு போவோம்.” அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில், அத்தை வேலை செய்த அதே பெரிய வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. அந்த வீட்டு மகன் கார்த்தி ஜெர்மனியில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். முன்பு இங்கே கூட வேலை செய்த நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். அத்தை வர மாட்டேன் என்றார். “நீ போய் குடுத்துட்டு வா. எனக்கு அந்த வூட்ல இன்னா வேலை?” ஆட்டோவில் தட்டுகளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான் கடைசியில் கிளம்பினார். கிளம்பும்முன் நல்ல புடவையாக மாற்றிக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் அத்தை தட்டோடு பின்பக்கத் தோட்டத்து வழியாகத் திரும்பிவிட்டார். பழகின கால் தானாகப் போனது. மாடியிலிருந்து கார்த்தி பார்த்துவிட்டார். “பாக்கியம்மா, முன்பக்கமா வாங்க” என்று இறங்கி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். கூடத்தில் அவருடைய அம்மா ஜெயலட்சுமி உட்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய், நண்பர்களுக்குக் கொடுத்த அதே கண்ணாடி டம்ளரில் அத்தைக்கும் எனக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். நாற்காலியைக் காட்டினார். அத்தை என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அதற்குள் நண்பர்கள் முதல் தட்டைக் காலி பண்ணிவிட்டார்கள். ஜெயலட்சுமி அம்மா பன்றிக்கறி தொடமாட்டார். காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் பாக்கியம், அப்பல்லாம் உங்க தெரு பக்கம் மணக்குமே, அதா இது?” என்று கேட்டார். அத்தை டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அதேதாம்மா. அப்ப குச்சி இல்ல, இப்ப குச்சி குத்திக் கீது. அவ்ளோதான்.”

ஊர் விருந்துக்கெல்லாம் பேக்கன் சுற்றி அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலில் இதுவரை நான் கண்ட மொத்த லாபம்.