எங்களைப் போல் பேசுகிறவர்

கேரவன் என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அப்பாவின் வேன் அது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை, கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், அரிசி, புளி என்று அம்மா அடைத்து முடித்ததும், "சினிமாக்காரங்க கேரவன் கெட்டுது போ" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் டூர் போகவில்லை, தம்பியைத் தேடிப் போகிறோம்.

தம்பி வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவனை, சொந்தக்காரர்கள் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார் அப்பா. மறுநாள் காலையில் அவன் இல்லை. போனும் வேலை செய்யவில்லை. ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் அவனைப் பார்த்ததாக லாரி ஓட்டும் மாமா ஒருவர் சொன்னதை நம்பி, முழுப் பரீட்சை லீவில் வேனுக்கு ஓட்டம் இல்லாதபோது கிளம்பினோம்.

கடலோரம் என்றதும் நான் வேளாங்கண்ணியை நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்டியைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. சீமைக்கருவேல், பனை, மறுபடியும் சீமைக்கருவேல். வெயில் மண்டையைப் பிளந்தது. குடிதண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவருகிற சனங்களிடம் போய்க் கேனை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு ஊரிலும் அம்மா போனில் தம்பியின் படத்தைக் காட்டுவாள். அவர்கள் உதட்டைப் பிதுக்கியதும், "எங்கள மாதிரியே பேசுவான். இன்னா, வூடுன்னு சொல்லுவான்" என்பாள். தாடி வளர்த்திருப்பான், இளைத்திருப்பான், பேச்சு எங்கே போய்விடும் என்பது அவள் கணக்கு. "அவங்கம்மா தேடிக்கினு வந்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்று கும்பிட்டுவிட்டு வருவாள். அப்பா வண்டியைவிட்டு இறங்கவே மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துரத்தத் தெரிந்த வாய்க்கு நாலு பேரிடம் விசாரிக்கத் தெரியாதா?

சாயல்குடி தாண்டி ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "உங்கள மாதிரி பேசுற ஆளு உப்பளத்துல ஒருத்தரு இருக்காரே. எதுக்கெடுத்தாலும் இன்னா இன்னாம்பாரு. நாங்க கூப்புடுறதே இன்னான்னுதான்" என்று சிரித்தார். அம்மா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

உப்பளத்து ஓரமாக ஓர் ஓலைக் கொட்டகை. வேன் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, யார் வோணும்?"

அம்மா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். "ஏசப்பா, என் புள்ள!" என்று உள்ளே போய் அந்த ஆளின் கையைப் பிடித்தும்விட்டாள். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. முகமெல்லாம் நரைத்த தாடி. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார்.

"எங்க வூட்ல அனுப்பிச்சாங்களா?" என்றார்.

திருக்கோவிலூர் பக்கமாம். எந்தக் காலத்திலோ வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். நாங்கள் அவரைத் தேடி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார். தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையாட்டினார். அம்மா விடவில்லை.

"உங்கள வூட்ல தேடலீங்களாண்ணா?"

"தேடாம இன்னாங்க? மொதல்ல தொண்டில இருந்தேன். யாரோ போட்டோவ வெச்சிக்கினு கேக்கறாங்கன்னாங்க. அன்னிக்கே பஸ் ஏறிட்டேன். அப்பறம் ஏர்வாடி. அங்கயும் வந்துட்டாங்க. தேடறாங்கன்னு காதுல விழுந்தாலே கால் தானா கெளம்பிடுதுங்க. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் நிப்பேன்?"

வழி நெடுக எத்தனை ஊரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், எத்தனை பேரைக் கும்பிட்டிருக்கிறாள் அம்மா! அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

அப்பா வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும், அவராகவே, "வேம்பார்ல நான் எறங்கிக் கேக்கறேன்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டபோது அழுகைதான் வந்தது.

"வேணாம். வண்டிய திருப்புங்க" என்றாள் அம்மா. "நாம தேடினா இன்னும் தூரமா போய்டுவான். எங்க இருக்கானோ அங்கயே இருக்கட்டும்."